சாத்தனும் சாத்தானும்

ஊர்ப் பெயர்கள் எளிதில் அழிவதில்லை. காடு போய்விடுகிறது, ஏரி தூர்ந்துவிடுகிறது, அரசுகள் மாறுகின்றன, பெயர் மட்டும் மக்கள் நாவில் நின்று நிலைக்கிறது. வடசென்னையில் திருவொற்றியூரை அடுத்துள்ள சாத்தாங்காடு அத்தகைய ஓர் ஊர். அங்கே இன்று காடு இல்லை. சென்னை நகரின் பழைய கடைத்தெருக்களில் நெருக்கடியைக் குறைக்கும்பொருட்டு அமைக்கப்பட்ட இரும்பு எஃகு அங்காடியும், கம்பிகளையும் தகடுகளையும் ஏற்றி வரும் சுமையுந்துகளும், சுற்றிலும் மணலியின் தொழிற்சாலைகளுமே கண்ணில் படுகின்றன. ஆயினும் பேருந்தின் நெற்றியிலும் கடைகளின் முகப்பிலும் அந்தப் பழம்பெயர் இருக்கிறது.

இப்பெயரைக் கேட்கும் கிறிஸ்தவச் செவி சற்றே திடுக்கிடுவதுண்டு. விவிலியத்தில் வரும் சாத்தான் உடனே நினைவுக்கு வருகிறான். “சாத்தானுடைய காடா?” என்று நகையாடுவோரும் நம்மிடையே உண்டு. திருமண அழைப்பிதழிலும் புதுநன்மை அழைப்பிதழிலும் இவ்வூர்ப் பெயரை அச்சிடக் கூசுவோர் இருந்தாலும் வியப்பில்லை. நகைப்பு சிறிது, ஆனால் அதன் பின்னே ஒரு பெரிய கேள்வி மறைந்து நிற்கிறது. நம் முன்னோர் வழங்கிய பெயர்களையும், நம் அயலார் போற்றும் நம்பிக்கைகளையும் நாம் எந்தக் கண்கொண்டு காண்கிறோம்? இலக்கியமும் தொன்மக் கதையும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த சான்றுகளும் இக்கேள்விக்கு விடை தேட நமக்குத் துணை நிற்கின்றன.

ஒலி ஒன்று, சொல் இரண்டு

சாத்தான் என்பது எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்பதே அதன் பொருள். தொடக்கத்தில் அது ஒருவனின் தனிப்பெயராகக்கூட இல்லை. எண்ணிக்கை நூலில் பிலயாமின் வழியை மறித்து நின்ற ஆண்டவரின் தூதரைக் குறிக்கவும் எபிரேய மூலத்தில் இதே சொல் வருகிறது. யோபு நூலில் அவன் விண்ணக அவையில் வந்து நின்று நேர்மையாளர் ஒருவர்மீது ஐயம் எழுப்புகிறான். வழக்குமன்றத்தில் குற்றம் சாட்டுபவனின் தொழில் அது. பிற்காலத்தில்தான் தீமையின் தலைவனுக்கு இச்சொல் பெயராகவே நிலைத்தது.

தமிழ்க் கத்தோலிக்கரிடையே இச்சொல் பெருவழக்குப் பெற்றதும் மிகப் பழமையானது அன்று. நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன செபங்களில் பசாசு என்ற சொல்லே ஒலித்தது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் அலகை என்ற நல்ல தமிழ்ச் சொல்லையும் நமக்கு மீட்டுத் தந்தது.

சாத்தன் என்பதோ இந்நாட்டு மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாகத் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கிய பெயர். எபிரேயத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சாத்தனூர், சாத்தான்குளம், சாத்தமங்கலம் என்று தமிழகமெங்கும் இப்பெயர் சிதறிக் கிடக்கிறது. இப்பெயரின் வேரைப் பற்றி அறிஞரிடையே இருவகைக் கருத்துகள் உண்டு. சாத்து என்பது பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் கூட்டமாகச் செல்லும் வணிகர் குழு. அதிலிருந்து பிறந்தது சாத்தன் என்பர் ஒரு சாரார். அறம் கற்பிப்பவர் எனப் பொருள்படும் சாஸ்தா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம் என்பர் மற்றொரு சாரார். சாஸ்தா என்பது புத்தருக்கும் வழங்கிய பெயர். மயிலாப்பூரில் பிறந்த தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி, 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ என்ற நூலில், ஐயனார் வழிபாட்டில் பழைய பௌத்தத்தின் எச்சத்தைக் கண்டார். இவ்விரண்டில் எதை ஏற்றாலும், சாத்தன் என்ற பெயரில் வணிகனும் அறவோனும் காவல் தெய்வமும் அடங்கியிருக்கக் காண்கிறோமேயன்றித் தீயவன் எவனையும் காண்கிலோம்.

தாயின் கண்ணீரைத் துடைத்த தெய்வம்

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சான்றோர், எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆளின் பெயர் வேண்டும்போதெல்லாம் சாத்தனையும் கொற்றனையுமே அழைத்தனர். இன்று நாம் இராமன், இராசு என்று சொல்வதைப் போன்றது அது. அத்துணை எளிய, எங்கும் வழங்கிய பெயர். மணிமேகலையை இயற்றிய புலவரும் ஒரு சாத்தனாரே. மதுரையில் தானிய வாணிகம் செய்தமையால் கூலவாணிகன் என்ற அடைமொழியும் அவருக்கு உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான். பெரிய வணிகச் சாத்துக்கு உரியவன் என்பதை அப்பெயரே உரைக்கிறது.

சிலப்பதிகாரத்தில் சாத்தன் தெய்வமாகவும் வருகிறான். பாசண்டச் சாத்தன் என்பது அவன் பெயர். அவனைப் பற்றிய கதை நம் வாசகர் அறியத்தக்கது. புகார் நகரில் மாலதி என்னும் பார்ப்பனப் பெண், தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. மாற்றாளின் மகவைத் தான் கொன்றதாகவே உலகம் சொல்லும் என்று நடுங்குகிறாள். இறந்த பிள்ளையை ஏந்திக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். இறுதியில் பாசண்டச் சாத்தன் கோயிலை அடைந்து வரம் வேண்டிக் கிடக்கிறாள். அங்கே இடாகினி என்னும் பேய் ஓர் இளம்பெண் வடிவில் வந்து, தவம் செய்யாதார்க்குத் தேவர் வரம் தாரார் என்று சொல்லி, பிணத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறது. மாலதி கதறுகிறாள். அப்போது சாத்தன் அவளைத் தாயே என்று அழைத்து, அழாதே என்று ஆற்றி, தானே அந்தக் குழந்தையாக வழியில் கிடக்கிறான். அவள் எடுத்துச் சென்று மாற்றாளிடம் சேர்க்கிறாள். தெய்வம் அந்த வீட்டில் பிள்ளையாய் வளர்கிறது, கல்வி கற்கிறது, பெற்றோருக்குரிய கடன்களைச் செய்கிறது, தேவந்தியை மணந்து எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் தன் மூவா இளநலம் காட்டி, தன் கோயிலுக்கு வருமாறு கூறி மறைகிறது.

இக்கதையையும் நம் நம்பிக்கையின் மறைபொருளையும் ஒன்றெனச் சொல்வது பெரும்பிழையாகும். வாக்கு மனிதரானது வரலாற்றில் நடந்தது என்பது நம் விசுவாச அறிக்கை. இக்கதையோ ஒரு காப்பியத் தொன்மம். எனினும் அக்காலத் தமிழ் நெஞ்சம் தெய்வத்திடம் எதை எதிர்பார்த்தது என்பதை இக்கதை காட்டுகிறது. பொய்ப்பழிக்கு அஞ்சி அழும் ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீரை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தெய்வம் அவர்களுக்குப் போதவில்லை. இறங்கி வந்து, பிள்ளையாய்ப் பிறந்து, வீட்டில் வளர்ந்து, மகனின் கடமையைச் செய்யும் தெய்வத்தை அவர்கள் உள்ளம் நாடிற்று. அந்த ஏக்கத்தை எள்ளி நகையாட நமக்கு மனம் வருமோ?

சிற்றூர்களில் இன்றும் ஐயனார் கோயில்கள் ஊர் எல்லையிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. குயவர் சுட்டுத் தந்த மண் குதிரைகள் வரிசையாய் நிற்க, அவர் இரவில் குதிரையேறி ஊரைக் காவல் சுற்றுகிறார் என்பது மக்களின் நம்பிக்கை. கேரளத்திலோ இதே பெயர் குட்டிச்சாத்தன் என்ற குறும்புத் தேவதைக்கும் வழங்குகிறது. ஒரே பெயர் புலவருக்கும் வணிகருக்கும் காவல் தெய்வத்துக்கும் குட்டித் தேவதைக்கும் உரியதாயிற்று. காலம் பெயர்களை ஏற்றவும் இறக்கவும் வல்லது.

செங்கடல் கரையில் ஒரு சாத்தன்

இதுவரை சொன்னவை ஏட்டிலும் வழக்கிலும் உள்ளவை. இனி மண் பேசுவதைக் கேட்போம். எகிப்து நாட்டில், செங்கடலின் கரையில், குசேர் அல்-காதிம் என்ற இடம் உண்டு. உரோமையர் காலத்தில் மயோஸ் ஓர்மோஸ் என்று பெயர் பெற்றிருந்த துறைமுகம் இதுவே என அறிஞர் தெளிந்துள்ளனர். அமெரிக்க ஆய்வாளர்கள் 1978 முதல் 1982 வரை அங்கே அகழ்ந்தபோது, தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் ‘கணன்’ என்றும் மற்றொன்றில் ‘சாதன்’ என்றும் எழுதியிருந்தது. பழந்தமிழ் எழுத்துமுறையில் இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாகவே எழுதிவிடும் வழக்கம் உண்டு. ஆகவே அவை கண்ணன், சாத்தன் என்ற பெயர்களே. காலம், கி.பி. முதல் நூற்றாண்டு.

அதே கடற்கரையில் தெற்கே பெரெனிகே என்ற துறைமுகத்தில் 1995இல் மற்றோர் ஓடு கிடைத்தது. அதில் ‘கொற்றபூமான்’ என்று எழுதியிருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். அதுவும் முதல் நூற்றாண்டையே சார்ந்தது. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கு அழைத்த சாத்தனும் கொற்றனும் வெறும் ஏட்டுப் பெயர்கள் அல்லர் என்பது இப்போது தெளிவாகிறது. அவர்கள் கடல் கடந்தவர்கள். தம் பானையில் தம் பெயரைத் தம் எழுத்தால் கீறி வைத்தவர்கள். பாலைவனமும் கடலும் சந்திக்கும் அந்த வறண்ட கரையில் சோறு பொங்கிக் காற்று மாறும் பருவத்துக்காகக் காத்திருந்தவர்கள்.

பெரெனிகேயின் கோயில் ஒன்றில், இந்தியத் தாழி ஒன்றினுள் ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகு அப்படியே இருக்கக் கண்டெடுத்தனர். மயோஸ் ஓர்மோசிலிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றதாக அக்காலத்துக் கிரேக்க நிலநூலார் ஸ்டிராபோ எழுதியுள்ளார். உரோமையின் செல்வம் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்தர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி வருந்தினார். நம் கரையில் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டு மட்கலங்களும் மது நிரப்பி வந்த சாடிகளின் உடைசல்களும் வெளிப்பட்டன. போனதும் உண்மை, வந்ததும் உண்மை. இரு கரைகளிலும் மண் ஒரே சாட்சியம் சொல்கிறது.

வணிகரின் வழியும் திருத்தூதரின் வழியும்

இச்சாட்சியம் கத்தோலிக்கராகிய நமக்கு இன்னொரு வகையிலும் நெருக்கமானது. கண்ணனும் சாத்தனும் செங்கடல் கரையில் பானை வைத்திருந்த அதே நூற்றாண்டில்தான் புனித தோமா இந்தியா வந்தார் என்பது நம் மரபு. மயிலையிலும் பரங்கிமலையிலும் அம்மரபு வேரூன்றி நிற்கிறது.

தோமாவின் இந்தியப் பயணத்தைக் கூறும் மிகப் பழைய நூல் ‘தோமாவின் பணிகள்’. மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிரிய மொழி வழங்கிய எதெசா நகரைச் சார்ந்து எழுந்தது. திருச்சபை அதை விவிலிய நூலாக ஏற்கவில்லை. அதில் தோமா இந்தியா செல்லத் தயங்குகிறார்; ஆண்டவரோ அவரை அபான் என்ற வணிகனுக்கு அடிமையாய் விற்று அனுப்புகிறார். கொண்டபோரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டப் பணம் தர, தோமா அதையெல்லாம் ஏழைகளுக்கு வழங்கிவிடுகிறார். சினந்த மன்னன் அவரைச் சிறையில் அடைக்கிறான். இறந்த அவன் தம்பி விண்ணகத்தில் அந்த அரண்மனையைக் கண்டு, உயிர் பெற்று வந்து சொல்லவே, மன்னன் மனம் மாறுகிறான்.

நெடுங்காலம் கற்றோர் பலர் இதை முழுக் கற்பனை என்றே ஒதுக்கினர். அப்படியொரு மன்னன் இருந்ததாகவே வேறு வரலாற்று நூல் எதுவும் சொல்லவில்லை. 1830களில் நிலைமை மாறிற்று. ஆப்கானிஸ்தானிலும் பஞ்சாபிலும் கிடைத்த பழங்காசுகளில் அம்மன்னனின் உருவமும், கிரேக்க எழுத்திலும் கரோஷ்டி எழுத்திலும் அவன் பெயரும் காணப்பட்டன. பின்னர் தக்த்-இ-பாகி என்ற இடத்துக் கல்வெட்டும் அவன் ஆட்சிக்குச் சான்று தந்தது. அவன் முதல் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன். மக்கள் மறந்த ஒரு மன்னனின் பெயரை, பக்திக் கதை ஒன்று பதினாறு நூற்றாண்டுகளுக்குமேல் தன் மடியில் காத்து வைத்திருந்தது.

கதையின் எல்லை, சான்றின் எல்லை

இங்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். காசு மன்னனை மெய்ப்பிக்கிறது. விண்ணக அரண்மனையை மெய்ப்பிக்கவில்லை. பானை ஓடு கடல்வழியை மெய்ப்பிக்கிறது. அவ்வழியே தோமா வந்தார் என்பதை மெய்ப்பிக்கவில்லை. வர இயலும், வந்து செல்வது அன்றாட நிகழ்ச்சி என்பதை மட்டுமே அது உறுதியாகச் சொல்கிறது. 1547இல் பரங்கிமலையில் ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது பழைய கற்சிலுவை ஒன்று கிடைத்தது. திருத்தூதரின் கைப்பட்ட சிலுவை என்று பக்தர் போற்றினர். அதைச் சூழ்ந்துள்ள எழுத்துகள் பாரசீகத்துப் பகலவி எழுத்துகள் என்பதும், அவை திருத்தூதர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை என்பதும் பின்னர் அறியப்பட்டன. அதனால் சிலுவையின் மாண்பு குறைந்ததா? போர்த்துக்கீசியர் வருவதற்கு மிக முன்னரே, இந்த மலையில் கிறிஸ்தவர் முழந்தாளிட்டனர் என்ற அரிய செய்தியை அக்கல் நமக்குத் தந்தது. நாம் எதிர்பார்த்ததைச் சொல்லாவிட்டாலும், சான்று சொல்வது விலைமதிப்புள்ளதே.

இதே நேர்மையைச் சாத்தாங்காட்டுக்கும் காட்டக் கடமைப்பட்டுள்ளோம். செங்கடல் கரைச் சாத்தனும் நம் வடசென்னை ஊருக்குப் பெயர் தந்த சாத்தனும் ஒருவரே என்று எவரும் சொல்லார். பெயரிட்டவன் ஒரு வணிகனாகவோ, வேளாளனாகவோ, எல்லையில் நின்ற ஐயனாராகவோ இருந்திருக்கலாம். எதுவாயினும், பெயர் இந்த மண்ணின் பெயர். மிகப் பழைய, மதிப்புள்ள குடிப்பெயர்.

இந்தக் கடற்பகுதியே பெயர்களின் பண்டகசாலையாய் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகராய்ப் பெருஞ்செல்வம் ஈட்டி, அனைத்தையும் துறந்த பட்டினத்தாரின் அடக்கத்தலம் திருவொற்றியூர்க் கரையில் உள்ளது. சற்றே தெற்கில் இராயபுரம். அலைகளுக்கிடையே மசூலாப் படகுகளைச் செலுத்திக் கப்பல்களின் சரக்கைக் கரை சேர்த்த கத்தோலிக்கப் படகோட்டிகள், மீனவராய் இருந்த புனித இராயப்பருக்கு அங்கே ஆலயம் எழுப்பினர். அவர் பெயராலேயே அவ்வூர் இராயபுரம் ஆயிற்று என்பது வழக்கு. ஒரு கரையில் சாத்தன் பெயரும் பட்டினத்தார் நினைவும் இராயப்பர் பெயரும் ஒன்றுக்கொன்று அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. அவற்றுள் எதுவும் மற்றதை விரட்டவில்லை.

பெயரை வைத்துத் தீர்ப்பிடலாமா?

தொடக்கத் திருச்சபை பெயர்களுக்கு அஞ்சியதில்லை. பவுலோடு இணைத்துப் பேசப்படும் அப்பொல்லோவின் பெயர், கிரேக்கரின் அப்பொல்லோ தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் பவுல் வாழ்த்துச் சொல்பவர்களுள் கிரேக்கத் தெய்வமாகிய எர்மேசின் பெயர் தாங்கிய கிறிஸ்தவர் ஒருவர் உண்டு. உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் பெயருக்கு, எகிப்தியத் தெய்வமாகிய இசிசின் கொடை என்பது பொருள். புனித மார்ட்டினின் பெயரில் உரோமையரின் போர்த்தெய்வம் ஒளிந்திருக்கிறது. பவுல் மால்தாத் தீவிலிருந்து உரோமை நோக்கிச் சென்ற கப்பலின் முகப்பில், கிரேக்கரின் இரட்டைத் தெய்வங்களின் சின்னம் இருந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் மறைக்காமல் குறிப்பிடுகிறது. திருத்தூதர் அதற்காகக் கப்பலேற மறுக்கவில்லை. நற்செய்தியைச் சுமந்து அந்தக் கப்பலிலேயே பயணத்தைத் தொடர்ந்தார்.

தமிழகத்திலும் அப்படியே. கோயில், பூசை, தேர், கொடியேற்றம் என நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் எல்லாம் இந்நாட்டு மக்களின் வழிபாட்டு மொழியிலிருந்து வந்தவையே. அவற்றை எடுத்து ஆண்டமையால் நம் விசுவாசம் கறைபடவில்லை, தமிழாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையில், பிற சமயங்களில் காணப்படும் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று தெளிவாகக் கூறிற்று. அவ்வறிக்கை ஏட்டில் உறங்க வந்ததன்று. சாத்தாங்காடு போன்ற ஊர்களில், அடுத்தடுத்த வீடுகளில் வாழும் மக்களின் நடைமுறையில் அது உயிர் பெற வேண்டும்.

ஒலி ஒத்திருப்பதை வைத்து, அடுத்த வீட்டார் கைகூப்பும் தெய்வத்தின் பெயரைத் தீயவனின் பெயராக்கிச் சொல்வது நகைச்சுவையாகத் தோன்றலாம். அதைக் கேட்கும் குழந்தை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. தன் நண்பனின் பாட்டன் வழிபட்டது பேய் என்று அது நம்பிவிடுகிறது. நாளடைவில் அந்த நண்பனையே ஐயத்தோடு நோக்குகிறது. சமயப் பகை என்பது பெரும்பாலும் இப்படித்தான் சிறு சொல்லில் வேர் பிடிக்கிறது. பொய்ச்சான்று பகர்வதைத் தடுக்கும் எட்டாம் கட்டளை வழக்குமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. தெருத் திண்ணைக்கும் உரியது.

எபிரேயச் சொல்லின் பொருளை இங்கே மீண்டும் நினைத்துப் பார்ப்பது நன்று. சாத்தான் என்றால் குற்றம் சாட்டுபவன். திருவெளிப்பாடு நூலும் அவனைச் சகோதரர்மீது இரவும் பகலும் குற்றம் சாட்டுபவனாகவே காட்டுகிறது. அப்படியானால், அயலாரின் நம்பிக்கையை ஆராயாமல், ஒரு பெயரின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள்மீது பழி சுமத்தும்போது, அந்தத் தொழிலைச் செய்பவர் யார்? பேயைத் தேடி ஊர்ப் பெயருக்குள் போக வேண்டியதில்லை.

பொய்ப்பழிக்கு அஞ்சிய மாலதிக்கு ஆறுதல் தந்தவன் என்று சாத்தனைச் சிலம்பு பாடியது. பொய்க்குற்றச்சாட்டால் சிலுவையில் அறையுண்டவரை ஆண்டவர் என்று நாம் அறிக்கையிடுகிறோம். பழி சுமத்தப்பட்டோர் பக்கம் நிற்பதே அவருடைய சீடருக்கு அழகு. ஆகவே நம் பிள்ளைகள் ஊர்ப் பெயரின் பொருளைக் கேட்கும்போது, கூசாமல் விடை சொல்வோம். சாத்தன் என்பவன் தமிழன். புலவனாய்க் காப்பியம் செய்தவன். வணிகனாய்க் கடல் கடந்தவன். ஆண்டவர் இயேசுவைத் திருத்தூதர்கள் அறிவித்துத் திரிந்த அதே நூற்றாண்டில், செங்கடல் கரையில் தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்தவன் என்று சொல்வோம். அந்தப் பெயருள்ள ஊரில் வாழ்வது நமக்குப் பெருமையே.